மணிப்பூர்ப் பாதையில் விட்டு வந்தவர்

அழகியமணவாளனுக்குப் பாடம் நடத்துவது அலுத்துப்போய் வெகுகாலம் ஆகியிருந்தது. ஸ்ரீரங்கத்தில் கிழக்குச் சித்திரை வீதியில் வீடு; திருச்சியில் ஒரு கல்லூரியில் தத்துவ லெக்சரர். யுத்தம் வந்த பிறகு பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடின. காவிரிப் பாலத்து ஏற்றத்தில் பாதி நாள் பஸ் நின்றுவிடும். எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டு இறங்குவார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் இறங்கி, குடையை விரித்துக்கொண்டு நடப்பார். நடப்பதில் அவருக்குக் கஷ்டமில்லை. போய்ச் சேர்ந்து வாயைத் திறக்க வேண்டுமே என்பதுதான் கஷ்டம்.

பி.ஏ. வகுப்புக்கு அவர் நடத்தியது ஒழுக்கவியல். எது நல்லது, எது நல்ல வாழ்க்கை என்று மேல்நாட்டார் இரண்டாயிரம் வருஷமாகச் சண்டை போட்டதை அவர் மூன்று தலைப்புகளில் அடக்கி வைத்திருந்தார். என்ன வந்தாலும் கொடுத்த வாக்கைக் காப்பாற்று, பொய் சொல்லாதே என்று சொல்கிற கடமைக் கொள்கை. எதைச் செய்தால் அதிகம் பேருக்கு அதிக நன்மையோ அதைச் செய் என்கிற பயன் கொள்கை. செய்த காரியத்தை மட்டும் பார்க்காதே, செய்தவன் எப்படிப்பட்டவன், அவன் வாழ்க்கை மொத்தமும் எப்படி இருக்கிறது என்று பார் என்கிற பழைய கிரேக்கர்களின் குணக் கொள்கை. பரீட்சையில் ஒவ்வொரு வருஷமும் "ஒப்பிட்டு எழுதுக" என்று கேட்பார்கள். பையன்களும் ஒப்பிட்டு எழுதிவிட்டு வக்கீலாகவும் தாசில்தாராகவும் போய்விடுவார்கள்.

வீட்டில் மனைவி ரங்கம்மாவும் தங்கை வைதேஹியும் இருந்தார்கள். வைதேஹியின் புருஷன் சடகோபன் ரங்கூனில் ஒரு மரக் கம்பெனியில் குமாஸ்தா. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் கப்பலேறி வந்து, கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போவார். குழந்தை இல்லை. ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்ட பிறகு அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள் கூட்டம் கூட்டமாகத் திருச்சி ஜங்ஷனில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். வைதேஹி நாள் தவறாமல் அண்ணாவை அழைத்துக்கொண்டு ஜங்ஷனுக்குப் போவாள். தலையில் சடை பிடித்து, காலில் துணி சுற்றி, எதிலும் கண் நிலைக்காமல் இறங்கி வருகிறவர்களிடம், "ரங்கூன்ல மரக் கம்பெனியில இருந்த சடகோபன்னு..." என்று ஆரம்பிப்பாள். அவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். சிலர் அதைக்கூடச் செய்வதில்லை. மே மாதம் முழுக்க இப்படிப் போயிற்று. ஜூனில் கல்லூரி திறந்ததும் அழகியமணவாளனால் தினமும் போக முடியவில்லை. அவள் தனியாகப் போய் வந்தாள்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம் செபஸ்தியான் அவர்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார்.

நாற்பது வயதுக்குள் இருக்கும். பார்த்தால் அறுபது சொல்லலாம். சட்டை அவருடையது இல்லை என்று தோளைப் பார்த்தாலே தெரிந்தது. சடகோபனோடு அதே கம்பெனியில் வேலை பார்த்தவர், பாலக்கரைக்காரர். அங்கே தன் அக்கா ரோசரி வீட்டில் வந்து இறங்கியிருப்பதாகச் சொன்னார். ரேழியில் பெஞ்சு போட்டு உட்கார வைத்தார்கள். ரங்கம்மா செம்பில் மோர் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. கதவோரம் வந்து நின்ற வைதேஹியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவரு தவறிட்டாருங்கம்மா. மணிப்பூருக்கு வர்ற மலைப் பாதையில. காலரா. என் மடியிலதான் உசிரு போச்சு."

ரங்கம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். வைதேஹி அழவில்லை.

"தகனம் யார் பண்ணினா?"

"நாந்தான்மா. மூங்கிலும் சுள்ளியும் அடுக்கி..."

"கடைசியா ஏதாவது சொன்னாரா?"

"ரங்கா, ரங்கான்னாருங்க."

அவள் தலையை அசைத்துவிட்டு உள்ளே போனாள். ரங்கம்மா அழுதுகொண்டே, "வாத்தியாருக்குச் சொல்லி அனுப்பணும். கும்பகோணத்துல அவர் தம்பிக்கு ஆள் விடணும். கர்மாவெல்லாம் ஆகணுமே" என்றாள். செபஸ்தியான் எழுந்து எல்லோரையும் பொதுவாகக் கும்பிட்டுவிட்டு வேகமாக இறங்கிப் போனார். மோர் அப்படியே இருந்தது.

வீட்டுப் புரோகிதர் அன்றைக்கே வந்தார். தகவலே இல்லாமல் போனவர் என்றால் பன்னிரண்டு வருஷம் காத்திருந்து, தர்ப்பையால் உருவம் செய்து தகனம் பண்ண வேண்டும், இங்கே கண்ணால் பார்த்த மனுஷர் சொல்லியிருக்கிறார், அதனால் தடையில்லை என்றார். தம்பி வந்து சேர்ந்ததும் ஆரம்பித்துவிடலாம். அந்தச் சடங்கின் முடிவில் வைதேஹிக்கு என்ன நடக்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும். வைதேஹி அடுப்படியில் உட்கார்ந்து, கழுத்துச் சரட்டை விரலில் சுற்றுவதும் விடுவதுமாக இருந்தாள்.

மறுநாள் அழகியமணவாளன் கல்லூரிக்கு லீவு சொல்லியிருக்கலாம். வீட்டில் இருப்பதைவிட அங்கே போவது மேல் என்று போனார். கரும்பலகையில் மூன்று தலைப்பையும் எழுதி, பொய் சொல்வதைப் பற்றி ஒவ்வொரு கொள்கையும் என்ன சொல்லும் என்று நடத்தினார். பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "மூணுல எது சார் சரி?" என்றான்.

"பரீட்சைக்கு மூணும் வேணும்" என்றார். பையன்கள் சிரித்தார்கள். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

வகுப்பு கலைந்த பிறகு வராந்தாவில் செபஸ்தியான் நிற்பதைப் பார்த்தார். உள்ளே கூப்பிட்டார். செபஸ்தியான் முதல் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தார்.

"நேத்து உங்க வீட்டுல சொன்னது பொய்யிங்க சார்."

அழகியமணவாளன் கையிலிருந்த சாக்பீஸை மேஜையில் வைத்தார்.

"அவரு செத்ததை நான் பாக்கல. உசிரோடதான் விட்டுட்டு வந்தேன்."

பிறகு செபஸ்தியான் நிறுத்தாமல் சொன்னார். அவருடைய மனைவி ரங்கூனிலேயே பிரசவத்தில் இறந்துபோனவள். இரண்டு பெண் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு, சடகோபனோடு சேர்ந்து கிளம்பினார். மாண்டலே வரை ரயில், பிறகு ஆற்றில் படகு, அதற்கப்புறம் நடைதான். பெரியவள் நடந்தாள். சின்னவளுக்கு நாலு வயது. இருவரும் மாற்றி மாற்றித் தூக்கினார்கள்.

"பாதித் தூரம் உங்க மாப்பிள்ளைதான் சார் தூக்குனாரு. முதல்ல தனியாத்தான் சோறு பொங்கிச் சாப்பிட்டுக்கிட்டு வந்தாரு. அப்புறம் அரிசி தீந்து போச்சு. என் பானையிலயே சாப்பிட்டாரு. யாரும் யாரையும் விட்டுட்டுப் போறதில்லன்னு ரெண்டு பேரும் பேசிக்கிட்டோம். நாந்தான் சார் அதை முதல்ல சொன்னேன்."

மலை ஏறும் இடத்தில் சடகோபனுக்கு வாந்தியும் பேதியும் கண்டது. ஒரு பகல் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். பாதையில் வந்துகொண்டிருந்த கூட்டம் குறைய ஆரம்பித்தது. மேலே முகாமில் அரிசி கொடுக்கிறார்கள், அதையும் மூடப்போகிறார்கள் என்று போகிறவர்கள் சொன்னார்கள். பெரியவளுக்கும் உடம்பு சுட்டது.

"ஒரு மரத்தடியில சாய்ச்சு வெச்சேன். தகர டப்பாவுல தண்ணி வெச்சேன். எந்திரிச்சப்ப என் மணிக்கட்டப் புடிச்சுக்கிட்டாரு. அந்த ஒடம்புல அவ்வளவு பலம் எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியல சார். ஒவ்வொரு விரலா நான் பிரிச்சு எடுத்தேன். சின்னவளத் தூக்கிக்கிட்டு நடந்தேன். திருப்பம் வரைக்கும் கூப்பிட்டாரு."

வராந்தாவில் பையன்கள் சத்தமாகப் பேசிக்கொண்டு போனார்கள். சத்தம் ஓயும்வரை செபஸ்தியான் காத்திருந்தார்.

"கோவில்ல சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். ஆண்டவர் மன்னிச்சாருன்னாரு. நேத்து அந்த அம்மா முகத்தைப் பாத்ததும் வாய் வரல. செத்துட்டாருன்னு சொல்லிட்டா ஒரு தரம் அழுது முடிச்சிருவாங்கன்னு நெனச்சேன். அப்புறம் சடங்குன்னு பேசினாங்களே... உசிரோட இருக்கிற மனுசனுக்கா இருந்தா? அதையும் சேத்து என்னால சொமக்க முடியாது சார்." கரும்பலகையைப் பார்த்தார். "நீங்க இதைத்தான பாடமா நடத்துறீங்க. நான் செஞ்சது என்னங்க சார்?"

முப்பது வருஷத்தில் அவரிடம் நிஜமாகவே பதில் வேண்டி யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அழகியமணவாளன் பழக்க தோஷத்தில் பேச ஆரம்பித்தார். உயிர்களை எண்ணிப் பார்த்தால் அவர் அங்கேயே இருந்திருந்தால் நாலு பேரும் போயிருப்பார்கள், வந்ததால் மூன்று பேர் மிஞ்சினார்கள், அதனால் செய்தது சரி. கொடுத்த வாக்கைப் பார்த்தால் தப்பு. ஆனால் பெற்ற குழந்தைகளுக்கு ஒரு தகப்பன் வாய்விட்டுச் சொல்லாமலே கொடுத்திருக்கிற வாக்கும் ஒன்று உண்டு. இரண்டு வாக்கு மோதினால் எதைக் காப்பது என்பதற்குக் கடமைக் கொள்கையில் தெளிவான பதில் இல்லை. கிரேக்கர்களைக் கேட்டால், நல்லவன் ஒருவன் அந்த இடத்தில் என்ன செய்வானோ அதுதான் சரி என்பார்கள். அந்த நல்லவன் யார் என்று...

நடுவில் நிறுத்திவிட்டார். தன் குரல் வகுப்பு நடத்துகிற குரலாகவே இருப்பது அவர் காதுக்கே கேட்டது.

செபஸ்தியான் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். "சாமியாரும் இப்படித்தாங்க ஏதோ சொன்னாரு, வேற மாதிரி" என்றார். பிறகு எழுந்து, "வீட்டுல சொல்றதோ சொல்லாம விடுறதோ உங்க இஷ்டம். நான் உங்ககிட்ட ஒப்படைச்சிட்டேன்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

பாரம் கைமாறியிருந்தது. அழகியமணவாளன் அன்றைக்கு பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தே வந்தார். காவிரியில் தண்ணீர் வர ஆரம்பித்து, மணலில் இங்கொரு கிளையும் அங்கொரு கிளையுமாக ஓடிற்று. சொல்லாமல் விட்டால், உயிரோடு இருக்கக்கூடிய ஒருவருக்குக் கர்மா நடக்கும். வைதேஹிக்குப் பூவும் குங்குமமும் போகும். சின்ன வயசு சுமங்கலிகள் எதிரில் வரத் தயங்கும்படி மூலையில் உட்காருவாள். ஆனால் காத்திருப்பது முடியும். சொன்னால், தாலி இருக்கும். ஒவ்வொரு ரயிலுக்கும் ஓடுவாள். பன்னிரண்டு வருஷத்துக்கு, அதற்கப்புறமும். இதில் எது அதிக நன்மை, எதை எதோடு வைத்து எடை போடுவது? பொய் சொல்லாதே என்பவர்களுக்கு வேலை சுலபம். அவர்களுக்கு வைதேஹியைத் தெரியாது.

இதை நினைத்தபோது அவருக்கு வந்தது துக்கம்கூட இல்லை, களைப்புதான். தனக்கு இது தெரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு வெட்கமாகவும் இருந்தது.

இரண்டு நாள் தள்ளிப்போட்டார். ரங்கம்மா, "ஏன்னா, ஒரு மாதிரியா இருக்கேள்?" என்று கேட்டதற்கு வெயில் என்றார். கும்பகோணத்திலிருந்து சடகோபனின் தம்பி சௌரிராஜன் வந்து சேர்ந்தார். மறுநாள் காலை ஆரம்பம் என்று புரோகிதர் சொல்லிவிட்டார். அன்று மத்தியானம் வைதேஹி கொல்லையில் தன் புடவைகளைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சிவப்பு, மஞ்சள், அரக்கு. இனிமேல் கட்டப்போவதில்லை என்று யாருக்கோ கொடுப்பதற்காகத் துவைக்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. கிணற்றடிக்குப் போனார்.

"வைதேஹி, அந்த மனுஷர் சொன்னது நிஜமில்லை."

எல்லாவற்றையும் சொன்னார். விரலைப் பிரித்ததையும் விடவில்லை. அவள் ஈரப் புடவையைக் கையில் பிடித்தபடியே கேட்டாள்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"முந்தாநாள்."

"முந்தாநாள்லேர்ந்து நான் இங்கே ஒவ்வொண்ணா எடுத்து வச்சிண்டிருக்கேன். பார்த்துண்டு இருந்தேளா அண்ணா?"

"உனக்கு எது நல்லதுன்னு யோசிச்சேன்."

"என்னைக் கேக்காமயா?"

அவள் புடவையைப் பிழிந்து கொடியில் போட்டாள். "என்னை அந்த மனுஷர் ஆத்துக்கு அழைச்சிண்டு போங்கோ" என்றாள்.

அவர்கள் குதிரை வண்டி பிடித்துப் பாலக்கரைக்குப் போனார்கள். ரோசரியின் வீடு ஒரு சந்தில் இருந்தது. செபஸ்தியான் இவர்களைக் கண்டதும் எழுந்து சுவரோரம் போய் நின்றார். வைதேஹி வாசற்படியைத் தாண்டி உள்ளே போனாள். கிறிஸ்தவர் வீட்டுக்குள் அவள் இதற்கு முன் கால் வைத்ததில்லை. ரோசரி எடுத்துப்போட்ட பலகையில் உட்கார்ந்தாள்.

"தண்ணி கைக்கு எட்டற தூரத்துல இருந்துதா?"

"எட்டும்மா. பக்கத்துலயே வெச்சேன்."

"நிழலா?"

"நிழல்தாம்மா. பெரிய மரம்."

"நெஜமாவே என்ன சொல்லிக் கூப்பிட்டார்? ரங்கான்னா?"

செபஸ்தியானுக்கு உதடு கோணிற்று. "இல்லம்மா. என் பேரைச் சொல்லித்தான்."

உள் அறையிலிருந்து சின்னப் பெண் வந்து அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. தலையை மொட்டை அடித்திருந்தார்கள். ரோசரி அதன் காதில், "உங்க மாமா வீட்டுல இருந்து வந்திருக்காங்க" என்றாள்.

"எந்த மாமா? தோள்ல தூக்குனாங்களே, அந்த நாமம் போட்ட மாமாவா?" என்றது குழந்தை.

அப்போதுதான் வைதேஹி அழுதாள். அழகியமணவாளன் வாசலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அழுது ஓய்ந்த பிறகு அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு செபஸ்தியானைப் பார்த்துச் சொன்னாள்.

"நீங்க அங்கேயே இருந்திருந்தா இந்தக் குழந்தை இருக்காது. அது எனக்குப் புரியறது. புரிஞ்சாலும் எனக்கு மனசு ஆறல. ஆறித்துன்னு உங்களுக்காகச் சொல்ல முடியாது."

"வேணாம்மா. சொல்ல வேணாம்."

"இனிமே யாராவது வந்து உங்களைக் கேட்டா, பார்த்ததை மட்டும் சொல்லுங்கோ."

"சரிங்கம்மா."

ரோசரி காப்பி போடட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். வைதேஹி தண்ணீர் மட்டும் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கர்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சௌரிராஜன் கோபித்துக்கொண்டார். தன் அண்ணாவுக்கு நற்கதி கிடைக்காமல் தடுக்கிறாள் என்றார். புரோகிதர், சாட்சி மாறிவிட்டதால் சாஸ்திரப்படி காத்திருக்கத்தான் வேண்டும் என்று ஒதுங்கிக்கொண்டார். ரங்கம்மா மட்டும், "இது எதுல சேர்த்திடீ அம்மா, இந்தப் பக்கமும் இல்லாம அந்தப் பக்கமும் இல்லாம" என்று புலம்பினாள்.

ரங்கம்மா பயந்தபடிதான் ஆயிற்று. வீதியில் சுமங்கலிப் பிரார்த்தனைக்கு வைதேஹியைக் கூப்பிடுவதில்லை. ஆனாலும் காலையில் தெருவில் எதிரே வந்தால் யாரும் சகுனம் பார்த்துத் திரும்புவதும் இல்லை. அவளை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. முதலில் அவள் ஜங்ஷனுக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஆகஸ்டில் காங்கிரஸ் கிளர்ச்சியால் ரயில்கள் சரியாக ஓடவில்லை. கல்லூரியிலும் ஸ்டிரைக், கதவடைப்பு. அந்தச் சமயத்தில் விட்ட வழக்கத்தை அவள் பிறகு தொடரவில்லை. வடக்கு வீதியில் பெண் குழந்தைகளுக்கான ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் கணக்கும் தையலும் சொல்லிக்கொடுக்கப் போனாள். சாயங்காலம் தலைவலியோடு வருவாள்.

அழகியமணவாளன் தொடர்ந்து ஒழுக்கவியல் நடத்தினார். வேறென்ன செய்வது? பொய்யைப் பற்றிய பாடம் வரும் வாரத்தில் மட்டும் அவருக்குச் சாப்பாடு இறங்காது. கேள்வி கேட்கும் பையன்களிடம் முன்போல வெடுக்கென்று பேசாமல், "எனக்குத் தெரியலையப்பா" என்று சொல்ல ஆரம்பித்தார். அதைப் பிரின்ஸிபால் ஒரு தரம் நாசூக்காகக் கண்டித்தார்.

யுத்தம் முடிந்த வருஷம், மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு கடையில் கன்ட்ரோல் விலையில் துணி போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனார். வரிசையில் அவருக்கு முன்னால் செபஸ்தியான் நின்றுகொண்டிருந்தார். பொன்மலையில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஸ்டோர் குமாஸ்தாவாக வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னார். சதை போட்டிருந்தார், தலை முழுக்க நரைத்திருந்தது.

"அம்மா எப்படி இருக்காங்க சார்?"

"இருக்கா. குழந்தைகள்?"

"படிக்கிறாங்க. பெரியவளுக்குத்தான் அடிக்கடி ஜுரம் வரும்." கொஞ்சம் பொறுத்து, "ஏதாவது தகவல்..." என்றார்.

"இல்லை."

வரிசை கொஞ்சம் நகர்ந்தது. இருவரும் அதற்கப்புறம் துணி விலையைப் பற்றிப் பேசினார்கள். இவர் முறை வருவதற்குள் துணி தீர்ந்துவிட்டது. செபஸ்தியான் தனக்குக் கிடைத்ததில் பாதி தருகிறேன் என்று எவ்வளவோ சொன்னார். இவர் வேண்டாம் என்று வந்துவிட்டார்.

வீட்டில் வைதேஹி பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்து கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவர் செபஸ்தியானைப் பார்த்ததைச் சொன்னார். சொல்லிவிட்டு, இத்தனை வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டார்.

"அன்னிக்கு நான் கொல்லைக்கு வந்து சொல்லாமலே இருந்திருந்தா, உனக்கு நன்னா இருந்திருக்குமோ?"

அவள் விசிறியை எடுத்து விசிறிக்கொண்டாள். நிஜமாகவே யோசிக்கிறாள் என்று முகத்திலிருந்து தெரிந்தது.

"சில நாள் அப்படித்தான் தோணறது, அண்ணா. சில நாள், சொல்லாம இருந்திருந்தா உங்களை மன்னிச்சிருக்கவே மாட்டேன்னு தோணறது. இன்னிக்கு எதுவும் தோணல. கால் வலிக்கறது." விசிறியை அவர் பக்கமும் இரண்டு தரம் வீசினாள். "உக்காருங்கோ. வெயில்ல நடந்தா வந்தேள்?"

அவர் குடையை மூலையில் சாத்திவிட்டு அவள் எதிரில் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். ரங்கம்மா இருவருக்கும் காப்பி கொண்டுவந்தாள். அன்றைக்குச் சர்க்கரை இல்லை, வெல்லம்தான். குடித்தார்கள்.